கால் புரளாத ஷூ

என் கணவருக்கு அடிக்கடி கால் புரள ஆரம்பித்ததும் நாங்கள் முதலில் பழி போட்டது ஷூ மேல்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு மண்பாதை போகிறது. ஒரு பக்கம் களிமண் குவியல். இன்னொரு பக்கம் சூளையில் வெடித்து வீணாய்ப்போன கோப்பைகளும் பொம்மைகளும் கொட்டிக் கிடக்கும். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் சில்லு குத்தும். அதைத் தாண்டினால் முந்திரித் தோப்பு. விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் ஓடுவோம். ஓடுவோம் என்றால், அவர் ஓடுவார். நான் மூச்சு வாங்கிக்கொண்டும் திட்டிக்கொண்டும் பின்னால் போவேன். ரயில்வேயில் வேலை பார்க்கிற மனிதர், நாற்பதைத் தாண்டிய வயதில் மலைப்பாதையில் ஓடுகிற போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். "மலைக்கு மேல நின்னு ஒனக்கு ஒரு போன் போடணும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

பின்னால் ஓடுகிறவள் என்பதால் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. வலது கால் சாதாரணமாக விழும். இடது கால் மட்டும் தரையை அறைவதுபோல 'தப்' என்று விழும். கொஞ்ச நாளில் ஒரு சில்லில் தட்டிக் கணுக்கால் புரண்டது.

"ஷூ தேஞ்சி போச்சிங்க. தூக்கிப் போடுங்க மொதல்ல" என்றேன்.

அடுத்து வாங்கியது மெத்தென்று இருந்தது. கடைக்குள் நடந்தபோது சுகமாகத்தான் இருந்தது. மண்பாதையில் இறங்கியதும் ஆட்டம் கண்டது, மறுபடி கால் புரண்டது. அடிப்பாகம் அவ்வளவு உயரமாக இருந்தால் மேடுபள்ளத்தில் நிற்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் ஒரு விஷயத்தில் இறங்கினால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. ஷூவைச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், ஆனால் குதிகால் நழுவக் கூடாது. அடிப்பாகம் அகலமாகவும் தரைக்குக் கிட்டத்திலும் இருக்க வேண்டும். துணி பிழிவதுபோல முறுக்கினால் சுலபத்தில் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு திருச்சிக்கு ரயில் ஏறினேன். கடையில் நான் ஒவ்வொரு ஷூவாக எடுத்து முறுக்குவதைப் பார்த்து அங்கே இருந்த பெண், "அக்கா, பிஞ்சிடப் போவுதுக்கா" என்றாள். கடைசியில் ஒரு ஜோடி அமைந்தது. அவர் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தார்.

"இதாம்மா. கால கப்புனு புடிக்குது."

திரும்பி வரும்போது ஷூ பெட்டியை மேலே வைக்க மனசில்லாமல் விருத்தாசலம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய் விழுந்தார். முழங்கையெல்லாம் ரத்தம். விழுவதற்கு முன்னால் எனக்கு அதே 'தப்' கேட்டது. அவருக்கு மருந்து போட்டுவிட்ட கையோடு, அந்த ஷூ விற்கிற இணையதளத்துக்குப் போய் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். 'கால் புரள்கிறது. யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடிக்கக் கூடத்திலிருந்து நடந்து வந்தார். மொசைக் தரையில் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வெறுங்காலில் வந்துகொண்டிருந்தார்.

"என்ன அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னொரு தடவ நடந்து வாங்க."

வந்தார். இடது பாதத்தின் முன்பக்கம் மேலே எழும்பவே இல்லை. குதிகால் பட்டதும் மிச்சப் பாதம் தன் பாட்டுக்குத் தொப்பென்று விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புதுச்சேரியில் ஏதேதோ பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு நரம்பு டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தசைகளை அசைக்கிற நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன. இடது காலில் தொடங்கியது அதோடு நிற்காது. மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஷூவுல தப்பு இல்லீங்களா சார்?" என்றார்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஷூவின் தப்பாகவே இருந்திருக்கக் கூடாதா? உலகத்தில் இருக்கிற ஷூவையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி முறுக்கிப் பார்த்திருப்பேனே.

இப்போது சக்கர நாற்காலிதான். இரண்டு காலும் அசையாது. ஆனால் எறும்பு ஊர்ந்தாலும் அவருக்குத் தெரியும். இந்த நோய் தொடு உணர்ச்சியை விட்டுவைத்துவிடுமாம். அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் வாசலுக்குப் போகும்போது திருச்சியில் வாங்கிய அந்த ஷூவைத்தான் கேட்பார். நான் தரையில் உட்கார்ந்து போட்டுவிடுவேன். பழக்க தோஷத்தில் விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். கால் மெலிந்துகொண்டே போவதால் இடம் கூடிக்கொண்டே போகிறது.

போன வாரம் அப்படித்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"வலது கால் டைட்டா இருக்குது. கொஞ்சம் லூசு பண்ணு" என்றார்.

பண்ணினேன். அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனிச்சியா? இந்த நாற்காலில ஒக்காந்ததுலேருந்து ஒரு தடவகூட கால் புரளல. நீ என்னடான்னா ஒத்த ஸ்டார் போட்டு வச்சிருக்க. பாவம், அத மாத்திடு."

"பேசாம இருங்க" என்று அதட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை வெயில் படுகிற இடமாகப் பார்த்து விட்டுவிட்டு உள்ளே வந்து போனை எடுத்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. அதை அழித்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டு, 'கால் புரளவில்லை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.