என் சொந்தப் பிரதி

நான் ஒரு சந்தேகப் பிராணி. கடையில் தராசைப் பார்ப்பேன். தராசைப் பிடிக்கிற கையையும் பார்ப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கந்தோரில் கணினிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தக் குணம் தொழிலுக்கு நல்லது என்றே நம்பினேன்.

திகதி எண்ணுவது போன்ற எல்லோருக்கும் வேண்டிய சிறு கணக்குகளை ஒருமுறை எழுதி ஓரிடத்தில் வைப்போம். அதற்கு லைப்ரரி என்று பெயர். எங்கள் ஊரான சுருவிலில் அம்மா அதைக் கேட்டுவிட்டு, மகன் புத்தகம் அடுக்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பழைய மெஷினில் எல்லாப் புரோகிராமும் ஓடும்போது அந்த ஒரே லைப்ரரியைத்தான் கேட்கும். அதற்குப் பொறுப்பான அண்ணை, கந்தோரில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒருநாள் அதில் எதையோ மாற்றினார். நான் தொடாத என் கணக்குகள் அன்றே பிழையாக வந்தன. ஏச்சு வாங்கியது நான்.

பிறகு யுனிக்ஸ் மெஷின் வந்தது. அதில் லிங்க் பண்ணும்போதே, அதாவது புரோகிராமை லைப்ரரியோடு இணைக்கும்போதே, அதன் பிரதி என் புரோகிராமுக்குள் வந்துவிடும். அதன்பின் அண்ணை தலைகீழாக நின்றாலும் என் பிரதியைத் தொட ஏலாது. நிம்மதியாக இருந்தது.

அந்த ஆண்டுதான் அப்பாவின் ஆட்டைத் திவசம், அவர் போய் முதலாம் வருடம். திதி செவ்வாய்க்கிழமை வருகிறது என்று நயினாதீவு ஐயர் சொன்னதாக அம்மா எழுதியிருந்தார். புதன் அவருக்கு மண்கும்பானில் வேறொரு வீட்டில் திவசம் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. எனக்கு உடனே பொறி தட்டியது. தன் வசதிக்கு மனுசன் அப்பாவின் நாளை மாற்றுகிறார்! லைப்ரரியின் திகதிக் கணக்கை வைத்துத் திதி பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். முந்தைய ஆண்டு அமாவாசைகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. திவசம் புதன் என்றது. அன்றே அம்மாவுக்கு அப்படி எழுதிப்போட்டேன்.

அந்த வாரமே அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, திகதிக் கணக்கிலை ஒரு பிழை இருந்தது, திருத்திப்போட்டன். நீர் உம்மடை புரோகிராமை ஒருக்கால் திரும்ப லிங்க் பண்ணும்."

"ஓம் அண்ணை," என்றேன். செய்யவில்லை. ஒருமுறை பட்டது போதும் என்று இருந்தேன்.

செவ்வாய் பின்னேரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா எல்லாவற்றையும் புதனுக்கு மாற்றியிருந்தார். ஐயரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளை மெசினிலை பாத்தவன், பிழை வராது எண்டு சொன்னனான்."

புதன் காலை ஐயர் முதல் லோஞ்சில் கடல் கடந்து வந்தார். மண்கும்பான் வீட்டைப் பின்னேரத்துக்குத் தள்ளியிருந்தார். பிடிபட்டுப்போனார், அதுதான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பிண்டம் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கந்தோரில் என் திகதிகள் மட்டும் மற்றவர்களுடையதோடு ஒரு நாள் வித்தியாசத்தில் இடித்தன. அது லீப் வருடம். பழைய லைப்ரரி பெப்ரவரி இருபத்தொன்பதை எண்ணாமல் விட்டிருந்தது. அதைத்தான் அண்ணை திருத்தியிருந்தார். பிழையான பிரதியை யாரும் தொடாமல் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தவன் நான். திரும்ப லிங்க் பண்ணி அப்பாவின் திதியைப் போட்டேன். செவ்வாய். அண்ணையின் முகத்தை அன்று நான் பார்க்கவேயில்லை.

அடுத்த ஆண்டு அம்மாவின் கடிதம் வந்தது: "இந்தமுறை எந்த நாள்? ஐயரை நான் கேட்கவில்லை. நீ சொல்லுவதுதான்."

ஐயரிடமே கேளுங்கள் என்று எழுதினேன். மெசின் பழுதாகிவிட்டதா என்று கேட்டு மறுகடிதம் போட்டார். ஓம் என்று பதில் எழுதினேன். முந்தைய ஆண்டு அப்பா தன் நாளில் வாசலுக்கு வந்து, இலைகூடப் போடாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார் என்பதை அம்மாவுக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை.