மூன்றாவது பிள்ளையின் குறுக்கு விசாரணை

ஒரு நாட்டுத் தலைவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குக் கொடுத்த நேரம் ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு தட்டுப் பிரியாணியையே காலி செய்துவிடுவேன், இது எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே உள்ள மண்டபம். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நாங்கள் நடத்திய வழக்காடு மன்றம். வழக்கு இதுதான்: 'இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துங்கள்' என்று ஒரு காலத்தில் அரசாங்கம் குடும்பங்களை நெருக்கியதே, அதற்கு அன்றைய தலைவர் பொறுப்பா, இல்லையா? பொறுப்புத்தான் என்று வாதாடுவது நான். தலைவருக்காக வாதாடியவன் தெம்பனிஸ் வட்டாரத்துக்காரன் ஒருவன். ஏற்கெனவே இரண்டு முறை என்னை மேடையில் மண்ணைக் கவ்வ வைத்தவன். மூன்றாவது முறையும் தோற்றால் வகுப்பில் தலைகாட்ட முடியாது.

அதனால் ஓர் ஆயுதத்தை ரகசியமாக வைத்திருந்தேன். என் சித்தி. அம்மாவுக்குத் தங்கை, அந்த வீட்டின் மூன்றாவது பிள்ளை. குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே பள்ளிக்கூடம். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அரசாங்க விதிப்படி மூன்றாவது பிள்ளைக்குப் பள்ளிப் பதிவில் கடைசி வரிசை என்பதால் சித்தி மட்டும் தினமும் பஸ் ஏறி தூரத்தில் தோ பாயோவில் இருந்த பள்ளிக்குப் போனார். எல்லாம் அம்மா சொன்ன கதை. சித்தியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்கணும், நம்ம சித்திதானே? முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் வடையும் கொடுத்துவிட்டேன்.

தெம்பனிஸ்காரன் முதலில் எழுந்தான். "அன்று வீடு போதவில்லை, வேலை போதவில்லை. நாளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்துபோன ஆட்டத்துக்கு இன்று உட்கார்ந்து கோல் போடுவது எளிது!" கைதட்டல் காதைப் பிளந்தது. எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நன்றாகத்தான் பேசினான்.

நான் விடவில்லை. "நாடு முன்னேறியதற்குப் பெருமையை வாங்கிக்கொள்பவர், அதனால் அடிபட்டவர்களின் வலியையும் வாங்கிக்கொள்ள வேண்டும்! இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே என் சித்தி, மூன்றாவதாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக ஒதுக்கப்பட்ட பேதை!"

சித்தி வடையைக் கீழே வைத்தார். எழுந்தார்.

"ஏய், யாருடி பேதை?"

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. பார்வையாளர் பேசக் கூடாது என்பது விதி. நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மணியைத் தட்டப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். "சாட்சியே எந்திரிச்சிட்டாங்க. பேசுங்கம்மா."

"நான் தோ பாயோவுக்கு தெனமும் டிரைவருக்குப் பின்னாடி சீட்ல உக்காந்து போவேன். அவரு ஸ்டீயரிங்க திருப்புறதப் பாத்துப் பாத்துதான் ஆசையே வந்துச்சு. இன்னிக்கு நானே டபுள் டெக்கர் பஸ் ஓட்டுறேன் லா. இவ என்னைப் போய் பேதைங்குறா!"

தெம்பனிஸ்காரன் துள்ளினான். "கேட்டீர்களா! அவர்களின் சாட்சியே என் தலைவரை விடுதலை செய்துவிட்டார்!"

"தம்பி, ரொம்ப ஆடாத, உக்காரு. சின்ன வயசுல கிளினிக்ல ஒரு போஸ்டர் பாத்தேன். அப்பா, அம்மா, ரெண்டு புள்ள, எல்லாம் சிரிக்குது. நான் எங்கேன்னு எங்க அம்மாகிட்ட கேட்டேன். 'போட்டோ எடுத்ததே நீதான்டி'ன்னாங்க."

சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது.

"சில வருசம் கழிச்சு அதே அரசாங்கத்துக்காரங்களே மூணு பெத்துக்குங்கன்னாங்க. சரி, மாத்துனது தப்பில்ல. ஆனா எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட, 'கணக்கு தப்பிப் போச்சு, மன்னிச்சுக்குங்க'ன்னு ஒரு வார்த்தை? என் காதுல விழல. முடிவெடுத்தவங்கதானே அதையும் சொல்லணும்?" என் பக்கம் திரும்பினார். "இவ மட்டும் என்னவாம்? என்னைக் கேக்காமலே மேடையில ஏத்திட்டா. இவளும் பெரிய தலைவிதான்!"

அன்றைய நாளின் பெரிய சிரிப்பு அதுதான். என் காது சுட்டது. கையில் இன்னும் ஒரு நிமிடமும், மனப்பாடம் செய்த அட்டகாசமான முடிவுரையும் இருந்தன. முடிவுரையைத் தூக்கிப் போட்டேன். செந்தமிழையும்தான்.

"சாரி சித்தி. ஒங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"பாத்தியா, ரெண்டே செகண்ட்தான் ஆச்சு," என்றார் சித்தி, வடையைத் திரும்ப எடுத்தபடி.

நடுவர் மணியைத் தட்டினார். "அன்றைய நிலைமையில் அப்படி முடிவெடுத்ததற்குத் தண்டனை இல்லை. அந்த முடிவு யாரை இடித்தது என்று திரும்பிப் பார்க்காததற்குப் பொறுப்பு உண்டு. தீர்ப்பு வாதியின் பக்கம்."

நான் குதித்தேன். வெட்கமே இல்லாமல் குதித்தேன். தெம்பனிஸ்காரன் கை கொடுத்துவிட்டு முணுமுணுத்தான், "ஜெயிச்சது நீ இல்ல, உன் சித்தி."

"தெரியும்டா," என்றேன்.

கீழே, பூக்கடை ஓரமாகப் படம் எடுக்க எல்லாரும் கூடினோம். சித்தி என்னை ஒரு தள்ளுத் தள்ளி நட்டநடுவில் நின்றுகொண்டார். அவர் கைபேசி தெம்பனிஸ்காரன் கைக்குப் போனது.

"ஆன்ட்டி, தோத்தவன்தான் போட்டோ எடுக்கணுமா?"

"ஆமாப்பா. இத்தன வருசம் நான் எடுத்தேன்ல?"