அழிந்துபோன வெள்ளைக் கோடு

தவளக்குப்பம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பம்புசெட்டு வேலை பார்க்கிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, முத்தியால்பேட்டை அந்துவான் மேஸ்திரி விடியற்காலையில் தவறிவிட்டார், நாளை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்றார். "எந்த அந்துவான்?" என்று கேட்டேன். எந்த அந்துவான் என்று எனக்குத் தெரியும். "உங்க ஜீப்பு பாத்தவருதாம்மா" என்று, என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். தட்டில் கிடந்த ஒரு சொத்தைக் காயை எடுத்து வெளியே போட்டேன். கடைக்காரன் மறுபடி எடை போட்டான்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார்களாம். அவரிடம் வண்டி விட்ட குடும்பங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானாக எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் வீட்டுக்காரர் கோவிந்தசாமி ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். கடற்கரை மணலில் இறங்கி மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டுக்கு வரவேண்டும். மணலில் அடிவயிறு தட்டுகிறது என்று என் கொழுந்தன் ஏழுமலை வண்டியைத் தூக்கிக் கட்டினான். அச்சுக்கு மேல் வண்டியைத் தாங்குகிற வில்லுப்பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்து, பட்டையும் கூடுதலாகப் போட்டு, நாலு விரற்கடை உயரம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது மைலைத் தாண்டினால் தரைத்தகடு உடுக்கை மாதிரி அதிரும். உட்கார்ந்தவர்களுக்குப் பல் கிட்டும். ஏழுமலை டயரை மாற்றினான், இரண்டு தடவை கிராஸ் மாற்றினான். எஞ்சின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டு கிராஸ். எதை மாற்றியும் அதிர்வு நிற்கவில்லை. நான் அவனை ஒரு வருஷம் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், எங்கள் கொழுந்தனார் ஜீப்பை உடுக்கையாக்கிவிட்டார் என்று அவன் எதிரிலேயே சொல்வேன். அவன் என் கல்யாணத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை.

அப்புறம்தான் அந்துவானிடம் போனோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏறி ஓட்டிப் பார்த்தார். முன்சக்கரத்துக்குப் போகிற இன்னொரு ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டினார். அப்போதும் அதிர்ந்தது. அப்படியானால் நோய் பின்னால்தான் என்றார். எதையும் மாற்றவில்லை. கூட வந்திருந்த என் மகளிடம், பள்ளிக்கூடப் பெட்டியில் பாகைமானி இருக்கிறதா என்று கேட்டார். அதன் நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, வண்டிக்கடியில் படுத்து ஷாஃப்ட்டின் மேல்முனையில் வைத்துப் பார்த்தார், கீழ்முனையில் வைத்துப் பார்த்தார். வாய்க்குள் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டார். ஏழுமலை வைத்த கட்டை மட்டமாக இல்லை. ஷாஃப்ட் வந்து மாட்டுகிற பின் அச்சின் மூக்கு தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. "மேல எவ்ளோ சாயுதோ கீழயும் அவ்ளோ சாயணும்மா. ஒத்துப்போச்சுன்னா ஷாஃப்ட்டுக்கு வலிக்காது" என்றார். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரண்டு இரும்புத் தகடு அடித்து, பட்டைக்கு அடியில் செருகி மூக்கை நிமிர்த்தினார். எங்கள் வண்டியின் அளவு மறக்காமலிருக்க, பாகைமானியில் அந்த எண்ணின்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தாமே வைத்துக்கொண்டார். அன்று கடலூர் வரை போய்வந்தோம். தரைத்தகட்டில் வைத்த டம்ளரில் தண்ணீர் தளும்பவில்லை. அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

நான்கைந்து வருஷம் அப்படி ஓடியது. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூசைக்குக் கடையை எங்களுக்கு விட்டுவிடுவார். பூசணி உடைக்கும்வரை வெளியே நின்று பீடி குடித்துவிட்டு, பொரிகடலைக்கு உள்ளே வருவார். அந்த வருஷம் கிரீஸ் வைப்பதற்காக எங்கள் ஷாஃப்ட் கழற்றிக் கிடந்தது. அது இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல்லாக நுழையும். எந்தப் பல்லிலும் நுழையும், ஆனால் இரண்டு முனையும் ஒரே வாக்கில் இருக்கிற மாதிரி நுழைத்தால்தான் சரி. அதற்காக இரண்டு துண்டிலும் சேர்த்து வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். துடைக்கலாம், துண்டுகளைப் பிரிக்கவேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார்.

பூசைக்கு வைக்கிற சாமானில் அழுக்கு இருந்தால் எனக்கு ஆகாது. பல்லுக்குள் பழைய கிரீஸ் கறுப்பாய் அடைத்திருந்தது. பிரித்தேன். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். கோடு போய்விட்டது. கண்மட்டத்துக்கு வைத்துத் திரும்ப நுழைத்தேன். வெள்ளி பெயிண்ட் அடித்து, சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றிவிட்டேன்.

மறுநாள் மாட்டும்போது ஷாஃப்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். "கோட்டக் காணமே. கழட்டுனீங்களாம்மா?" என்றார்.

பக்கத்தில் ஏழுமலை நின்றான். கழற்றினேன் என்று சொல்லியிருந்தால் அவன் எனக்கு ஒரு வருஷப் பாக்கியைத் திருப்பிக் கொடுத்திருப்பான். "இல்லண்ணே, மேலாப்லதான் தொடச்சேன்" என்றேன்.

சரி என்றார். மாட்டினார்.

அந்த வாரமே லேசாக அதிர ஆரம்பித்தது. வீட்டுக்காரர் சொன்னார், மீன் வரத்துக் குறையட்டும், தீபாவளி கழித்து மேஸ்திரியிடம் விடலாம் என்று. எனக்குத் தெரியும். இப்போதே போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போனால் அவர் பிரித்துப் பார்ப்பார்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டி, பட்டப்பகலில், முன்முனைக் கிராஸ் உடைந்தது. தண்டு சுழன்றபடியே தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து அடித்தது. என் வீட்டுக்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த ஆறு வருஷமும் எந்த வண்டியிலும் முன்பக்கம் உட்காரவில்லை.

ஏழுமலை ஆட்களோடு முத்தியால்பேட்டைக்குப் போனான். நானும் போனேன். உடைந்த ஷாஃப்ட்டைக் கொண்டுபோய்க் கடை வாசலில் போட்டார்கள். அந்துவான் குனிந்து இரண்டு முனையையும் பார்த்தார். ஒரு பல் தள்ளி நுழைந்திருந்தது. அவருக்கு அது போதும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் வாசலில் தூற்றினேன். என் குடும்பம் விழுந்த மாதிரி உன் தொழில் விழுந்து போகட்டும் என்று கத்தினேன். தெருவே கேட்டது.

அவர் சொன்னது ஒன்றுதான். "நான் பாத்துதான் மாட்டியிருக்கணும்."

இந்தச் சொல்லைப் பத்து வருஷம் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவரே ஒப்புக்கொண்டாரே, மேஸ்திரி என்றால் பார்க்கவேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் கேட்காமல் மாட்டவில்லை.

என் சாபம் பலித்தது. ஜீப்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பொம்பளை மண்ணை வாரித் தூற்றின கடை என்று பேராகிவிட்டது. பிறகு அவர் சைக்கிளில் போய் வயல் பம்புசெட்டு பார்த்தார். ஒருநாள் தவளக்குப்பம் முனையில் எதிரே வந்தார். தலையைக் கொஞ்சம் அசைத்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டேன். ஊரில் எத்தனையோ பேரிடம் எனக்குப் பகை உண்டு. அவர்களெல்லாம் எனக்குச் செய்தவர்கள். இவர் ஒருவர்தான் நான் செய்ததைத் தெரிந்தவர். இவரைத்தான் அதிகம் வெறுத்தேன். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை என்பது அவர் செத்த பிறகுதான் எனக்கு உறுதியாயிற்று. சொல்லியிருந்தால் ஏழுமலை எனக்கு முன்னால் ஊருக்குச் சொல்லியிருப்பான்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் வரிசையில் நின்று, குனிந்து மண் எடுத்தேன். அவர் மனைவி மதலேன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீ அன்னிக்கே போட்டுட்ட. அது போதும், போ."

மண்ணைக் கீழே விட்டுவிட்டு வந்தேன். அவள் சொன்னது சரி.

அந்துவான் மேஸ்திரியை அறிந்தவர்களே, அவர் வேலையில் குற்றம் இல்லை. ஷாஃப்ட்டைப் பிரித்தது நான். ஏழுமலையும் இதைப் படிக்கட்டும், என் மகளும் படிக்கட்டும்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பாகைமானி. மண் தூற்றிய மறுவாரமே துடைத்து, காகிதத்தில் சுற்றி, ஒரு மீன்காரர் கையில் கொடுத்தனுப்பினார். மகளிடம் கொடுக்காமல் அரிசிப்பானைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வெள்ளைக் கோடு அதில் அப்படியே இருக்கிறது. இன்னொன்று அவருடைய கேள்வி. அதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை.

ஆமாண்ணே. கழட்டினேன்.