சரோஜா வீட்டு ராட்டை

1. ராட்டையைப் பார்

பிள்ளையார்பாளையம் தாய் சேய் நல நிலையத்தில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். முதல் நாளே அங்கிருந்த மூத்த நர்ஸ் எனக்கு ஒரு பாடம் சொன்னார்.

"எந்தப் பொம்பளைக்கு எப்போ தூரமாச்சுன்னு வாய் வலிக்கக் கேக்காதம்மா. அந்த வீட்டு ராட்டையில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு, போதும்."

அந்தத் தெருக்களில் ஆண் தறியில் நெய்தால், பெண் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும், பட்டு நூல் சுற்றிய சின்னக் குழல்தான் தார். தூரமான, அதாவது மாதவிலக்கான பெண் தறியையும் பட்டையும் தொடக் கூடாது. பின்கட்டில் தனியாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் புருஷனே தறியை விட்டு எழுந்து வந்து தார் சுற்றுவான். வாசல் கதவு திறந்தே இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் வேலைக்கு அது வசதியாக இருந்தது. நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

2. "மறுபடியும் போச்சே!"

அப்படி ஒரு தறி வீட்டு மருமகள் சரோஜா. அவளுக்கு முதல் கரு இரண்டாம் மாதத்திலேயே கலைந்தது. நான்தான் ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "எல்லாம் தானாவே வெளியே வந்துடுச்சு. உடம்பு நல்லா இருக்கு. ஒரு தடவை மாதவிலக்கு வரட்டும், அப்புறம் அடுத்ததுக்குத் தாராளமா பாக்கலாம்" என்றார்.

மாமியார் குப்பம்மா கேட்கவில்லை. "ராட்டையில குனிஞ்சு குனிஞ்சு உக்காந்தா, அதான் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள்.

"இல்லம்மா. பிஞ்சிலயே போறது பெரும்பாலும் கருவிலேயே கோளாறு இருந்து போறது. இவ எதுவும் பண்ணல" என்று போகும்போதெல்லாம் நானும் சொன்னேன். என் வாயும் சளைத்ததில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் காலை சரோஜாவின் புருஷன் ஏகாம்பரம் மூச்சு வாங்க ஓடி வந்தான். "நர்ஸம்மா, அவளுக்கு மறுபடியும் ரத்தம் போவுது. எங்க அம்மா தலையில அடிச்சுக்கினு அழுவுறாங்க."

போய்ப் பார்த்தால் பாதித் தெரு அங்கே கூடியிருந்தது. "மறுபடியும் போச்சே!" என்று குப்பம்மா ஒப்பாரி. சரோஜாவைத் தனியாகப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, அளவுக்கு மீறிய உதிரப்போக்கும் இல்லை, வழக்கமான வயிற்று வலிதான்.

"போறதுக்கு உள்ள என்னம்மா இருந்துது? இது தூரம். உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம். நல்ல சேதி, சக்கரை இருந்தா அவ வாயில போடுங்க" என்றேன்.

"தூரமானதுக்குச் சக்கரையா? உனக்கு என்ன, புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் குப்பம்மா.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஏகாம்பரம் ஒரு இலைத் துண்டில் கொஞ்சம் சர்க்கரையை வைத்து, பின்கட்டு வாசற்படிக்கு மேலாக அவள் பக்கம் தள்ளினான்.

3. நிற்காத ராட்டை

அதற்குப் பிறகுதான் சரோஜாவுக்கு நிஜமான கஷ்டம் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் ஏகாம்பரம் ராட்டையில் உட்காருவான். "இந்த மாசமும் உக்காந்துட்டாளா?" என்று குழாயடியில் பேச்சு கிளம்பும்.

"தனியா உக்கார்றது கூடப் பரவால்லக்கா. தெருவே என் வயித்தைப் பாத்துக்கினு இருக்குது" என்றாள் என்னிடம்.

ஒரு மாதம் ராட்டை அவள் கையை விட்டு மாறவே இல்லை. அந்தப் பக்கம் போன என்னைக் குப்பம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடுப்பில் பாயசம் கொதித்தது. "மருமவ முழுகாம இருக்கா! நீயே பாத்துச் சொல்லு." தெருவுக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

அறைக்குள் போனதும் சரோஜா கதவைச் சாத்தினாள்.

"தூரமாகிக் குளிச்சும் ஆச்சுக்கா. யாருக்கும் சொல்லல. பட்டையும் தொட்டுட்டேன்."

தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை. விஷயம் வெளியே தெரிந்தால் இனி அந்த வீட்டில் எது கெட்டாலும் அவள் தலையில்தான் விழும். அடுத்த கரு தங்காவிட்டால் அதுவும் இந்தக் குற்றத்தில்தான் சேரும். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

வெளியே வந்து குப்பம்மாவிடம் சொன்னேன்: "முழுகாம இல்லம்மா. கரு கலைஞ்ச உடம்பு, நாள் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். நீங்க அவசரப்பட்டுட்டீங்க."

பாதி உண்மை, பாதி பொய். அந்தப் பொய்க்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. குப்பம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பாயசம் கிடைக்கவில்லை.

ஏகாம்பரம் தெருமுனைவரை கூடவே வந்தான்.

"எனக்குத் தெரியும் நர்ஸம்மா."

"என்ன தெரியும்?"

"விடியறதுக்கு முன்ன எழுந்து துணி அலசுறா. பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அந்தத் தாரைப் போட்டு நெய்ஞ்ச?"

"நெய்ஞ்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவ அழுவாம சுத்திக்கினு இருந்தா." தெருமுனையில் நின்று கேட்டான்: "தெரு என்னைப் பாத்துதானே கணக்குப் போடுது?"

4. கணக்கு தப்பிய தெரு

அதற்கப்புறம் ஏகாம்பரம் நினைத்த நாளெல்லாம் ராட்டையில் உட்கார்ந்தான். கேட்டால், "தறிக் குழியில உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சுக்குதுபா" என்பான். சரோஜா விலக்கான நாட்களிலும் சுற்றினான், மற்ற நாட்களிலும் சுற்றினான். பெண்டாட்டி வேலை பார்க்கிறவன் என்று தறிக்காரர்கள் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே சுற்றினான். குழாயடியில் ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "ஏன் நர்ஸம்மா, அந்த வீட்டுல மாசத்துக்கு எத்தினி வாட்டிதான் உக்காருவாங்க?"

சில மாதம் கழித்து ஒரு நாள் போனேன். ஏகாம்பரம் ராட்டையில் இருந்தான். என் பழைய புத்தி போகவில்லை. ஐயோ பாவம், இந்த மாதமும் இல்லை என்று முடிவு கட்டி, ஆறுதல் சொல்லப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை.

குப்பம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

"முழுகாம இருக்கா. போன தடவை கலைஞ்ச மாசத்தைத் தாண்டிடுச்சு" என்று குப்பம்மா கிசுகிசுத்தாள். "தெருவுல மூச்சு விட்டுடாத. அன்னிக்கு நான் ஊரைக் கூட்டிப் பட்டது போதும். அவளுக்கா எப்ப சொல்லணும்னு தோணுதோ, அப்ப சொல்லிக்கட்டும்."

அன்று தெருவையே கூட்டி ஒப்பாரி வைத்த அதே குப்பம்மா! ஒரு டம்ளர் பாயசத்தை என் கையில் திணித்தாள். வெளியே ராட்டை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது.

பிற்பாடு என்னிடம் பயிற்சிக்கு வந்த நர்ஸுகளுக்கு நான் இதைத்தான் சொன்னேன். கரு கலைந்தவளுக்கு மாதவிலக்கு திரும்பினால், உடம்பு தேறுகிறது என்று அவளிடம் சந்தோஷமாகச் சொல்லுங்கள். அடுத்ததற்கு எப்போது என்பதை அவளும் புருஷனும் பார்த்துக்கொள்வார்கள். ராட்டையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவளைக் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.