மாடி அறை யாருக்கு

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்ற யூனுஸுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. டீக்கடையில் வாங்கிய மீதிச் சில்லறையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கேரளத்துக் கண்ணூரில் பெண் எடுத்ததுதான் அவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம். ஜன்னத்தைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, முடித்துக்கொண்டார்.

தொண்ணூற்று நான்கில், மகள் ரிஃபத்துக்கு நிக்காஹ் நிச்சயமான கையோடு, ஜன்னத் தன் வளையல்களை விற்று மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட ஆரம்பித்தாள். எதற்கென்று கேட்டால், "இருக்கட்டுமுங்க" என்றாள். அந்த ஒரு சொல் போதாதா? மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

பக்கத்துக் கடை தனபால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "ஏனுங்க பாய், அவிங்க பக்கம் ஊடு பொம்பளைங்களுதுங்க. புருஷன் விருந்தாளியாட்டம் வந்துபோறவன். தாய்மாமன் வெச்சதுதான் சட்டம். வெள்ளைக்காரன் கோர்ட்டே, ஷரீஅத் ஒருபக்கம் இருக்கட்டும், அவிங்க வழக்கமும் செல்லும்னு சொல்லிப்போட்டானுங்களாமா."

யூனுஸ் அதை நேரிலேயே பார்த்திருந்தார். அவருடைய மாமனார் கடைசிவரை மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு மனைவி வீட்டுக்கு வந்து, விடிந்ததும் தம் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அப்படியானால் இந்த அறை? தன் அண்ணன் முஜீபைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, நம்மை விருந்தாளி ஆக்கப் பார்க்கிறாளா? சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டுமா?

கதவு மாட்டிய அன்று மேலே போனார். ஜன்னத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் எப்ப வாரான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன் எதுக்குங்க? இது ரிஃபத்துக்கு."

"அவதான் பெருந்துறைக்கு மாமியார் ஊட்டுக்குப் போறாளே."

"போகட்டுமுங்க. என்னைக்காவது அங்க வெளிய போன்னு சொல்லிப்போட்டா, வந்து இருக்க அவளுக்குன்னு ஒரு ரூம் வேணுமில்லீங்க."

"அப்படி யாரு சொல்லுவாங்க?"

ஜன்னத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நான் வந்த புதுசுல, கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு நீங்க சொன்னீங்க. இது எங்க ஊடு, வெளிய போன்னு. எங்கூர்ல எங்கம்மாளைப் பார்த்து வாப்பா அப்படிச் சொல்லியிருக்கவே முடியாதுங்க. அன்னைக்கே போயிருப்பேன். எந்த பஸ்ஸுல ஏறோணும்னு தெரியலைங்க. அதான் இருந்துபோட்டேன்."

யூனுஸுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. பொய் சொல்கிறாளோ என்று வழக்கம்போல முகத்தை உற்றுப் பார்த்தார். பொய்யில்லை. வெட்கமாக இருந்தது. பஸ் தெரிந்த பிறகும் ஏன் போகவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.