கடல் இல்லாத ஊரில் கடற்கரைத் தோட்டம்

என் புத்திக்கூர்மைக்கு முதலில் ஒரு சான்று தந்துவிடுகிறேன். ஆம்பூருக்குக் கொண்டுபோகும் செடிக் கூடையை வழியில் யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து ஒரு பூட்டு வாங்கினேன். அதற்கு இரண்டு சாவிகள். தொலைந்துபோகாத இடமாகத் தேடி, இரண்டையும் கூடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். இவ்வளவு முன்னேற்பாட்டுக்குப் பிறகும் அதைத் திருட ஒருவரும் முன்வரவில்லை என்பது தனி அவமானம்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னை சென்டிரலில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு. ஆம்பூர் நூற்றுப் பதின்மூன்று மைல். அரக்கோணத்தில் ஒருவர் கைலி மூட்டையோடு ஏறி எதிர்ப் பெஞ்சியில் உட்கார்ந்தார். குடியாத்தத்து நெசவுக்காரர். கூடையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“உள்ள இன்னா சார்?”

“செடி.”

“செடிக்கா பூட்டு? எறங்கி ஓடிடுமா?”

“ஒசத்திச் செடிங்க.”

“தண்ணி தெளிக்க மாட்டீங்களா? தொறங்க.”

“சாவி உள்ள இருக்கு” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தம் மூட்டையைத் தம் பக்கமாக ஒரு சாண் இழுத்துக்கொண்டார். ஆனாலும் இரக்கமுள்ள மனிதர். காட்பாடியில் வண்டி நின்றபோது மூட்டை தைக்கும் கோணியூசியை எடுத்து, இரண்டு திருகில் பூட்டைத் திறந்துவிட்டார். “பூட்டு சுமார்தான்” என்றும் சொன்னார். அவ்வளவு சுலபமாகப் பூட்டுத் திறக்கிறவரோடு குடியாத்தம் வரைக்கும் போக வேண்டுமே என்று நான் என் பணப்பையை என் பக்கமாக ஒரு சாண் இழுத்துக்கொண்டேன்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. பிறந்தது நாகப்பட்டினம், பிழைத்தது இலங்கை. அங்கே வீடுகளைச் சுற்றித் தோட்டம் போட்டுக் கொடுத்து வந்தேன். சின்னத் தீவுதான், ஆனால் மூன்று குணம் அதற்கு. இரத்தினபுரிப் பக்கம் ஓயாத மழை. அங்கே செடி நடுவதற்கு முன்பு தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும். பலாவுக்குக் கீழே கமுகு, கமுகில் மிளகு, அடியில் இஞ்சி என்று மாடி மாடியாக நட்டால் மழை மண்ணை நேராக அடிக்காது. யாழ்ப்பாணத்தில் எல்லாம் தலைகீழ். பாத்தியைத் தாழ்த்தி, பனையோலையால் வேலி கட்டி, குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்ப வேண்டும். தெற்கே காலி என்ற ஊரில் கடலோரம், அங்கே காற்றில்கூட உப்பு. தாழையையும் புன்னையையும் முன்னே நிறுத்தி, அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் மற்றவற்றை வளர்க்க முடியும். இம்மூன்றும் எனக்கு அத்துபடி என்ற கர்வத்தோடு ஆம்பூரில் இறங்கினேன்.

ஊருக்கு முன்பாக அதன் வாசனை வந்து வரவேற்றது. பச்சைத் தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை மூன்றும் கலந்த வாசனை. என் மூக்கு அரைமணி நேரம் சத்தியாக்கிரகம் செய்தது; பிறகு ராஜியாகி வேலைக்குத் திரும்பிவிட்டது.

என்னை அழைத்தவர் ஜெயராம் நாயுடு. தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி. வியாபாரமாகக் கொழும்புக்கு வந்தபோது நான் போட்ட தோட்டம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அவருடைய ஷாப்பும் வீடும் வாணியம்பாடி ரோட்டில், ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல். ஜட்கா நாலணா. வண்டிக்காரர் காசிம் பாய் வாசலில் இருந்த தொட்டிக்குக் குதிரையைக் கொண்டுபோனார். குதிரை மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இங்க குடிக்காது சார். ஊருக்குள்ள போய்த்தான் குடிக்கும்.”

“அதுக்குச் சேர்த்து அரையணா கேப்பீங்களாக்கும்?”

“நான் எங்க கேட்டேன்? குதிரைகூட தண்ணிதான் கேக்குது, காசு கேக்கல.”

வாடகையை ஏற்ற இப்படிப் பழக்கி வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து, நாலணாவுக்கு மேல் ஒரு தம்பிடி தரவில்லை.

நாயுடு தாராளமான மனிதர். சாப்பாடு பலமாக இருந்தது. ஆனால் அவர் கேட்ட தோட்டம்தான் விசித்திரமாக இருந்தது.

“பூ வேணாம், காய் வேணாம். ரோட்டுலேர்ந்து பாத்தா பச்சையா தெரியணும். தை மாசத்துக்குள்ள.”

தோட்டக்காரனாகிய எனக்கு, பூவும் காயும் வேண்டாம் என்கிற ஆளைக் கண்டால், கல்யாணத்துக்குப் பெண் வேண்டாம் என்கிற மாப்பிள்ளையைக் கண்டது போல. இன்னொன்றும் உறுத்தியது. வீட்டை ஒட்டிக் கல் கட்டிய கிணறு. கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பாலாற்றின் மேற்புறத்திலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வந்தது. கேட்டதற்கு, “கெணத்துத் தண்ணி கொஞ்சம் கனம் ஜாஸ்தி சார்” என்றார். கனம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள்போல என்று நானே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டேன்.

வெயிலையும் பாறையையும் பார்த்ததும் இது யாழ்ப்பாணம்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். தோல் ஊறும் குழிகளுக்கும் பக்கத்து நிலத்து வேலிக்கும் நடுவில் பாத்திகளைத் தாழ்த்தி, எலுமிச்சை, மாதுளை, வாழைக்கன்று எல்லாம் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சச் செய்தேன். சனிக்கிழமைக்குள் ஒவ்வோர் இலையின் ஓரமும் பீடி நெருப்பு வைத்தாற்போல் கருகிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்று இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா. நடுவயது, புருஷன் இல்லை. அந்தக் கால் காணிதான் அவள் சொத்து. அதில் இருந்த வாழையும் கருகிக் குட்டையாக நின்றது. சொந்த வாழையை வளர்க்கத் தெரியாதவள் பொறாமையில் என் செடிக்கு எதையோ ஊற்றிவிட்டாள் என்று துப்பறிந்தேன்.

“இதுல என்னம்மா ஊத்தினே?”

“நான் வேற ஊத்தணுமா? இன்னா மிச்சம் இருக்குது அதுல?”

“பின்னே ஏன் சிரிக்கிறே?”

“என் வாழை போன வருசம் இப்படித்தான் ஆச்சு. இப்ப உன்னுது. தொணைக்கு ஆள் கெடைச்சா சிரிப்பு வராதா?”

கோபத்தோடு திரும்பி வந்தவன், வாய் காய்ந்து, வந்த நாளாகக் குடித்துப் பார்க்காத அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கண்ணை மூடினால் காலிக் கடற்கரை. அப்படி உப்பு.

தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் ஆம்பூருக்கு அனுப்புகிறார்கள். குழியில் போடுமுன் அதைக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் மண்ணில் இறங்கி நாயுடு கிணற்றுக்கும் வந்திருக்கிறது, வேலியைத் தாண்டிக் கன்னியம்மா கிணற்றுக்கும் போயிருக்கிறது. கடல் நூறு மைலுக்கு அப்பால். அதன் உப்பு மட்டும் மாட்டுத்தோலில் ஏறிக் கூட்ஸ் வண்டியில் வந்து சேர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் நாயுடுவிடம், “யாழ்ப்பாணத் தோட்டம் வேண்டாம். காலித் தோட்டம் போடுவோம். வளர்ந்த கன்றாகப் பூவரசு, புன்னை, தென்னை வரவழைத்தால் தையில் பச்சைப் பசேலென்று நிற்கும்” என்றேன்.

“இந்தத் தண்ணியிலயா?”

“இந்தத் தண்ணியிலதான்.”

நாயுடு முகத்தில் ஒரு தோட்டத்துக்கு மிஞ்சிய மகிழ்ச்சி தெரிந்தது. பக்கத்தில் இருந்த குமாஸ்தா சுப்பராயன் வாயை அடக்க முடியாமல், “அப்ப அந்தப் பொம்பள மனு புஸ்ஸுதான் மொதலாளி” என்றார்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஷாப் தண்ணீரால் நிலம் கெட்டதென்று கன்னியம்மா மனுப் போட்டிருக்கிறாள். தையில் ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார். ஷாப்பை ஒட்டிய மண்ணிலேயே, ஷாப் கிணற்றுத் தண்ணீரிலேயே தோட்டம் செழித்திருந்தால், அவள் வாழை கருகியதற்குக் காரணம் அவள் சோம்பல் என்று ஆகிவிடும். என் செடிகள் எல்லாம் பொய்ச்சாட்சிகள். அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கும் வக்கீல் நான்.

“உப்பை நல்லா உதறிட்டு அப்புறம் தோலைக் கழுவலாமே” என்றேன்.

“அறுபது பேர் இங்க சாப்பிடறாங்க சார். வேலைய நிறுத்திட்டு உக்காந்து உதறுன்னா கதைக்கு ஆகுமா? அந்த நெலத்த நானே வாங்கிக்கிறேன்னு எத்தினியோ தரம் சொல்லிட்டேன். அவ பிடிவாதம், கேக்க மாட்டேங்குறா.” அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

ஒரு வீரன் அப்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். நான் வீரன் அல்ல. நாயுடு வீட்டில் அன்று மத்தியானம் கோழி. சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். கடலோரத் தோட்டத்தில் உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க நான் அவரைக்கொட்டை விதைப்பது வழக்கம். அவரைச் செடி உப்பைப் பொறுக்காது. மூன்று இலை விடுமுன் கருகி, இங்கே உப்பு என்று காட்டிக் கொடுத்துவிடும். பூவரசுக் கன்றுகளை நட்டுவிட்டு, வாசலிலிருந்து கிணறு வரைக்கும் அதிகாரி நடந்துவரும் வழியின் இருபுறமும் அவரை விதைத்தேன். அதே தண்ணீர். இப்போது விதைத்தது ஒரு தவணை. அது தைக்கு முன்பே கருகி மறைந்துவிடும் என்பதால், மார்கழியில் விதைக்க இன்னொரு தவணை விதையைத் தண்ணீர் பாய்ச்சும் ஆளிடம் கொடுத்தேன்.

நாயுடு வந்து பார்த்தார். “இது இன்னாத்துக்கு?”

“ஓரத்துக்கு அழகுங்க. ஊதாப் பூ.”

“பூ வேணாம்னு சொன்னேனே.”

‘பூக்கிற வரைக்கும் இருக்காது’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெற்றிலையைப் போட்டு அடைத்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சுண்ணாம்பைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை கிளம்பினேன். காலியில் உப்பு காற்றோடு வரும். திட்டுவதற்கு எதிரே கடல் இருக்கும், அதுவும் கோபித்துக்கொள்ளாது. இங்கே கடல் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள் இருக்கிறது. அவர் நம்மை உபசரித்துச் சோறும் போடுகிறார். அந்தச் சோறு நெஞ்சில் நின்றதோ என்னவோ, கன்னியம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏற முடியவில்லை. வேலியோரம் போய், மகா காரியம் செய்தவன் தோரணையில் அவரைச் செடி விவரத்தை ரகசியமாகச் சொன்னேன். செடி பொய் சொல்லாதம்மா, அதிகாரி கண்ணால் பார்ப்பார், உன் நிலம் தப்பிக்கும் என்றேன்.

அவள் அந்தப் பாத்தியைப் பார்த்தாள். ஜட்காவில் ஏற்றிக் கட்டியிருந்த என் பெட்டியையும் பார்த்தாள்.

“செடியப் புடுங்கிடுவாங்க, தையில நீ வந்து சொல்லு.”