இன்ஜினியர் அத்தானும் இரண்டு ஸ்க்ரூக்களும்

என் அக்கா புருஷனை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மனிதர் படித்தது வணிகவியல். வேலை இன்சூரன்ஸ் ஆபீஸில். விபத்தில் நசுங்கிய கார்களின் போட்டோவைப் பார்த்து, இதற்கெல்லாம் பணம் தர முடியாது என்று எழுதி அனுப்புகிற நாற்காலி. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்தே இயந்திரம் என்றால் தனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டுவிட்டார்.

மாடியில் அவர்கள் வீடு, கீழே என் வீடு. ஆகவே அந்த ஆளின் ரிப்பேர் வரலாறு முழுக்க எனக்கு மனப்பாடம். காலிங் பெல் கரகரத்தது, கை வைத்தார், அன்றிலிருந்து வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். மேஜை ஃபேன் தலையைத் திருப்பும்போது டக் டக்கென்றது. இப்போது திருப்புவதே இல்லை, சுவருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. டாய்லெட் தொட்டி சொட்டியது. இப்போது அதில் தண்ணீரே ஏறுவதில்லை, பக்கத்தில் ஒரு வாளி நிற்கிறது. அவர் கை பட்ட எதுவும் அதற்கப்புறம் சத்தம் போட்டதில்லை. வேலை செய்ததும் இல்லை. சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம், அவர் அகராதியில் அவ்வளவுதான். அதைக்கூடக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பெரிய சங்கீத வித்வான் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார்.

இந்தக் கூத்து அத்தனைக்கும் டார்ச் பிடித்தது என் அக்கா. அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து குனிந்து நிற்க வேண்டும். "இங்க காட்டு. அங்க இல்ல, இங்க. ஒரு டார்ச் புடிக்கத் தெரியல உனக்கு." வேலை முடிந்ததும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான்தான் சரி பண்ணேன்." இரண்டு நாளில் பல்லிளித்துவிட்டால், அக்கா வெளிச்சம் சரியாகக் காட்டவில்லையாம். எல்லாமே பல்லிளித்ததால் கல்யாணமான நாளிலிருந்து குற்றவாளி அவள்தான். அவளும் "ஆமாங்க" என்பாள். அந்த ஆமாங்கவைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வீட்டில் உருப்படியாக ஒன்று இருக்கிறதென்றால் அது என் அக்கா மகள். காலேஜில் படிக்கிறாள், சைக்கிள் கிளப்பில் ஓட்டுகிறாள். அப்பாவிடமிருந்து மூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு மூளையை அங்கேயே விட்டுவிட்டு வந்த புத்திசாலி. கிளப் அவளுக்கு ஒரு ரேஸ் சைக்கிள் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. தேர்வானால் அந்த சீசன் முழுக்க வண்டி அவளுடையது. இல்லாவிட்டால் மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக அப்படி ஒன்று வாங்குவது அந்தக் குடும்பத்தில் நடக்காத காரியம். ஆக, அவளுடைய ஓட்டம் அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

அந்த வண்டியில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம். மேடு ஏறச் சின்னது, சமதளத்தில் பறக்கப் பெரியது. செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள ஒரு சின்னக் கூண்டு, அதற்கு ஃப்ரன்ட் டீரெயிலர் என்று பெயர். முன்னாலும் பெரியது, பின்சக்கரத்துப் பல்சக்கரங்களிலும் பெரியது என்று போட்டால் செயின் கோணலாக ஓடி அந்தக் கூண்டில் உரசும். கர்ர்ர் என்று கேட்கும். "அப்படிப் போட்டு ஓட்டாத, அவ்வளவுதான். வண்டியில ஒரு குறையும் இல்ல" என்று கிளப் மெக்கானிக் சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டார். இவளும் வண்டியை ஹாலில் சாய்த்துவிட்டு, சட்டையில் ஊக்கால் குத்திக்கொள்கிற போட்டி நம்பரை வாங்கிவரச் சாயங்காலம் மறுபடி கிளப்புக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை, எல்லாம் முடிந்த பின்தான் அக்கா எனக்குச் சொன்னாள். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அத்தான் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினார், கியர் லீவரை இஷ்டத்துக்குத் தட்டினார், கர்ர்ர் கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது. போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்தார். மீதிப் பாதி எதற்கு, நம் ஆள் இன்ஜினியர் அல்லவா.

"டார்ச் எடுத்துட்டு வா."

"அவ வரட்டுங்க. அவ வண்டி அது."

"அவளுக்கு என்ன தெரியும். புடி."

கூண்டின் மேல் சின்னதாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கூண்டு உள்ளே எதுவரை போகலாம், வெளியே எதுவரை போகலாம் என்று எல்லை கட்டுகிறவை. வெளி எல்லை ஸ்க்ரூவை இவர் பாட்டுக்கு இறுக்கிக்கொண்டே போனார். கூண்டு வெளியே நகர வழியில்லாமல் போயிற்று. செயின் சின்ன சக்கரத்திலேயே உட்கார்ந்துவிட்டது, பெரியதற்கு ஏறவே ஏறாது. சத்தம் எங்கிருந்து வரும்? கண்ணை மூடிக் கேட்டார். "பாத்தியா, போயே போச்சு."

மகள் வந்ததும் கேட்டாள். "அப்பா, வண்டிய தொட்டீங்களா?"

"தூசி தொடச்சு வச்சேன் கண்ணு."

வாய் கூசாமல் சொன்னார். அக்கா டார்ச்சை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரைச் சாலையில் தேர்வு. அக்கா, அத்தான், நான் மூவரும் பார்க்கப் போயிருந்தோம். ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி வர வேண்டும், கோச் நேரம் குறித்துக்கொள்வார். கோச் ஒரு பெண்மணி, சிரித்து நான் பார்த்ததில்லை. அக்கா மகள் சாதாரணமாக அந்தக் கரையில் அம்பு மாதிரி போவாள். அன்றைக்குக் காலிரண்டும் தையல் மெஷின் ஊசி போல அடிக்கிறது, வண்டி நகர்ந்தால்தானே. லீவரைத் தட்டுகிறாள், தட்டுகிறாள், செயின் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் கிளம்பியவள் அவளைத் தாண்டிப் போனாள்.

வந்து இறங்கியவளிடம் அத்தான் ஓடிப்போய்க் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் வந்துச்சா?"

அவள் அவரையே பார்த்தாள். "வரலப்பா."

"நான் சொன்னேன்ல" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். இந்த ஜன்மத்தை என்ன செய்வது, சொல்லுங்கள்.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, யாரோ ஸ்க்ரூவை முறுக்கியிருப்பதாகச் சொன்னார். கோச் வந்தார்.

"நீ நோண்டினியா?"

"இல்ல மேடம்."

"அப்ப யாரு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள், அவள் சுபாவம் அது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வாயிலிருந்து வருகிற வார்த்தை. மனிதர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் திருவாய் மலர்ந்தார்.

"மெக்கானிக்கதான் கேக்கணும் மேடம். இப்பல்லாம் எவன் ஒழுங்கா வேலை பாக்கறான்."

பெற்ற மகளின் வாழ்க்கை அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது, இது நாக்கில் விஷத்தோடு நிற்கிறது. சீ என்றாகிவிட்டது எனக்கு.

"என் மெக்கானிக்க எனக்குத் தெரியும்" என்றார் கோச். "அப்ப இவதான் நோண்டியிருக்கணும். வேற யாராவது கெடுத்திருந்தா இன்னொரு தடவ ஓட்ட விடுவேன். தன் வண்டிய தானே கெடுத்துக்கிட்டா கிடையாது. நாளைக்கு வண்டிய கொண்டாந்து விட்டுடு."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் வாயைத் திறந்தேன். எனக்குச் சந்தேகம்தான் இருந்தது, கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இவர்தான் மேடம்." என் அக்கா. "நேத்து சாயங்காலம் ஹால்ல உக்காந்து அந்த ஸ்க்ரூவ முறுக்கினாரு. நான்தான் டார்ச் புடிச்சேன்."

"ஏய், அது வேற ஸ்க்ரூ..."

"இதே ஸ்க்ரூதான் மேடம். வெளிச்சம் நல்லாவே இருந்துச்சு."

கோச் அத்தானை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "சார், நீங்க அந்த மரத்துக்கு அந்தாண்ட போய் நில்லுங்க." போய் நின்றார். மெக்கானிக் ஸ்க்ரூவைத் தளர்த்தினார், எல்லோரும் முடித்த பிறகு அக்கா மகள் மறுபடி கிளம்பினாள். களைத்த கால், இருந்தும் அணியின் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. வண்டி இப்போது அவள் அறையில் நிற்கிறது. வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தான் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நீ டார்ச்ச நேரா புடிச்சிருந்தா எந்த ஸ்க்ரூன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்." அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆமாங்கவுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

போன வாரம் ஏதோ வாங்க மாடிக்குப் போனேன். அத்தான் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, டார்ச் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு டீ ஆற்றிக்கொண்டே, "அலமாரியில இருக்கு, எடுத்து நீங்களே புடிச்சுக்கங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் எடுத்து வந்தார். இரண்டு கையும் குழாய்க்கு வேண்டியிருந்ததால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அதனால் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தோம்.